வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காரி

கண்ணாடியக்காவை நான் முதலில் அறிந்தது ஒரு கைப்பற்றல் பட்டியல் வழியாக. ‘உரிமமின்றி விற்பனைக்கு வைத்திருந்த மருத்துவக் கருவிகள், நாற்பத்து மூன்று’ என்று எங்கள் ஆய்வாளர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வணிக உரிம அலுவலகத்தில் நான் தட்டச்சர். கருவிகள் என்றதும் கத்தி, ஊசி என்று ஏதோ நினைத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய மூக்குக் கண்ணாடிகள். நாற்பதைத் தாண்டியவர்கள் கிட்டத்து எழுத்தைப் படிக்கப் போட்டுக்கொள்ளும் சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடிகள். அன்றைக்கு எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பட்டியலைக் கை நீளத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டுதான் படித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் கதை பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. பாதி கோப்பிலிருந்து, பாதி அவர் வாயிலிருந்து.

ஊரின் பெரிய கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் அவர். முன்கடையில் அல்ல. முன்கடையில் விளக்குப் போட்ட அலமாரிகள், சுழல் நாற்காலி, குளிர்ந்த காற்று. பின்னறையில் ஒரு ஜன்னல், ஒரு சாணைச் சக்கரம், சக்கரத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர்க் குழாய். வட்டமாக வரும் லென்ஸைச் சட்டத்தின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டிருந்தன. வங்கியில் கைரேகை வைக்கச் சொன்னபோது ரேகையே விழவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அப்போது ஊரில் நாலே நாலு கண்ணாடிக் கடைகள். நாலும் ஒரே சங்கம். ஐந்தாவது கடை வரக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. வருவதற்கு வழியில்லாதபடி எழுதியிருந்தது, அவ்வளவுதான். கடைக்குள் இருபது அடி நீளத்தில் இருட்டறை வேண்டும். சான்றிதழ் பெற்ற பரிசோதகர் சம்பளத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருக்கு இன்னொரு கடை ‘தேவை’ என்று நிரூபிக்க வேண்டும்; அதற்கு ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களிடம் ஆட்சேபம் உண்டா என்று நாங்கள் கடிதம் எழுதிக் கேட்போம். அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவன் நான். அதில் வேடிக்கை எதுவும் இருப்பதாக எனக்கு அன்று தோன்றவில்லை. நாங்கள் இல்லாவிட்டால் பொதுமக்களை ஆளாளுக்கு ஏமாற்றுவார்கள் என்று உண்மையாகவே நம்பினேன்.

அக்காவின் கணவர் இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் வெல்டர். இரண்டு அறை வீடு. கணவரின் அக்காவும் அவர்களோடுதான் இருந்தார். அந்த நாத்தனார் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு தையல்கூடத்தில் இருபது வருஷமாக மிஷினில் உட்கார்ந்தவர். அறுபது மிஷின் ஓடும் அந்தக் கூடத்தில் காலர் தைப்பதற்கு அவர் கைதான் என்று பேர். நாற்பத்தைந்து வயதானதும் ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து மிஷின்காரியைக் கூப்பிட ஆரம்பித்தார். பிறகு தையல் கோடு ஒரு நூல் தள்ளிப் போயிற்று. மேற்பார்வையாளர் ஒருநாள் அவரை மிஷினிலிருந்து எழுப்பி, தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார். கூலி பாதி.

“கை அப்படியேதான் இருக்கு. கண்ணுதான் வேலைக்கு வர மாட்டேங்குது,” என்று நாத்தனார் வீட்டில் வந்து சொன்னார்.

அடுத்த விடுமுறையன்று அக்கா அவரைத் தன் முதலாளி கடைக்கே கூட்டிப் போனார். பரிசோதகர் பார்த்துவிட்டு ‘வெறும் வெள்ளெழுத்துதான், ரெண்டு பக்கமும் ஒரே பவர்’ என்றார். இருப்பதில் மலிவான கண்ணாடியை எடுத்து மாட்டியதும் நாத்தனார் தன் புடவை முந்தானையின் இழையைத்தான் முதலில் பார்த்தாராம். விலையைக் கேட்டார். மிஷினில் இருந்த காலத்துக் கூலியிலேயே இரண்டு வாரத்துச் சம்பளம் அது. கழற்றித் தட்டில் வைத்தார்.

“அண்ணி, இருங்க. நான் முதலாளிகிட்ட சொல்லிப் பாக்கறேன்.”

“வேணாம்மா. எனக்காகப் போய் உன் வேலைக்கு நீயே உலை வெச்சுக்காத.”

அந்தக் கண்ணாடியின் அடக்க விலை என்னவென்று அக்காவுக்குத் தெரியும். பெட்டி பிரித்து அடுக்குகிறவரே அவர்தானே. அதனால்தான் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் முதலாளியிடமே கேட்டுவிட்டார்.

“ரெண்டு பக்கமும் ஒரே பவர்னா ரெடிமேடாவே வருது முதலாளி. தலைநகரத்து மொத்தக் கடையில சீப்பு, டார்ச் லைட்டோட சேர்த்து டஜன் கணக்குல விக்கறாங்க. நாமளும் ஒரு ஓரத்துல வெச்சா என்ன?”

முதலாளி கெட்டவர் அல்ல. வெல்டருக்குக் காலில் தீக்காயம் பட்டபோது ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் கொடுத்தவர். அவர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: “நீ சொல்றது எனக்குப் புரியாம இல்லம்மா. ஆனா நான் ஒருத்தன் விலையை இறக்கினா மத்த மூணு பேரும் சேர்ந்து என் கழுத்தைப் பிடிப்பாங்க. சங்கத்துல பேசி வெச்ச விலை. விட்டுடு.”

விடவில்லை. அடுத்த விடுமுறையில் தலைநகரத்துக்குப் பஸ் ஏறி, இரண்டு டஜன் வாங்கிவந்தார். ஒன்றை அண்ணிக்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் தூக்கிக்கொண்டு தையல்கூடத்து வாசலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றார். கையில் ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, ஒரு பழைய செய்தித்தாள். “கோத்துப் பாருங்க. கோக்க முடிஞ்சா வாங்குங்க, இல்லேன்னா வெச்சுட்டுப் போங்க,” என்றார். விலை ஒரு நாள் கூலி. மணி அடிப்பதற்குள் பெட்டி காலி. ஒரு அம்மாள் ஊசியைக் கோத்துவிட்டு, கோத்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பின்னால் நின்றவர்கள் “நகரும்மா, நாங்களும் பாக்கணும்ல” என்று சத்தம் போட வேண்டியிருந்ததாம்.

நாத்தனார் ஒரே வாரத்தில் மறுபடி மிஷினில் உட்கார்ந்தார். அக்கா வேலையை விட்டார். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள், பருப்பில் கல் பொறுக்குபவர்கள், கிடங்குக் கணக்கர்கள், மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தும் படிக்க முடியாமல் போனவர்கள். ‘கண்ணாடியக்கா’ என்ற பேர் அப்போது வந்தது. எட்டு மாதம் ஓடியது. பிறகு சங்கத்தின் புகார், எங்கள் ஆய்வாளர், அந்தப் பட்டியல்.

பெட்டி பறிபோன மறுநாள் காலையில் அவர் அலுவலகத்துக்கு வந்தார். அழுவார், இல்லையென்றால் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

“உரிமம் இல்லாம வித்தது தப்புன்னா, உரிமம் குடுங்க சார். என்ன எழுதணுமோ எழுதறேன்.”

விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கட்டமாகப் படித்துச் சொன்னேன்.

“இருபது அடி இருட்டறையா? எங்க வீடே பதினெட்டு அடிதான் சார். வீட்டுக்காரரைத் தெருவுல படுக்க வெச்சாலும் ரெண்டடி குறையும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். ஆட்சேபம் கேட்கும் கட்டம்.

“அதாவது, நான் கடை போட்டா அவங்க வியாபாரம் குறையுமான்னு அவங்களையே கேப்பீங்க?”

“விதி அப்படிம்மா.”

“இதுவரைக்கும் யாராவது ‘வாங்க, தாராளமா வாங்க’ன்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?”

தெரியாது என்றேன். அவர் போன பிறகு பதிவேடுகளை எடுத்துப் புரட்டினேன். வேலையில்லாத மதியம் அது. இருபத்தாறு வருஷத்தில் பதினொரு விண்ணப்பங்கள். பதினொரு ஆட்சேபங்கள். பதினொரு நிராகரிப்புகள். அதில் ஏழு என் தட்டச்சில். ‘ஊரின் தேவைக்குப் போதுமான கடைகள் ஏற்கெனவே இயங்கி வருவதால்’ என்று ஒரே வாக்கியம் ஏழிலும். ஊரின் தேவை என்னவென்று நான் யாரைக் கேட்டேன்? ஒருவரையும் கேட்கவில்லை. மேசை இழுப்பறையில் என் மனைவிக்கு வாங்கித் தருவதாகச் சொல்லி மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்ட கண்ணாடிச் சீட்டு கிடந்தது.

விசாரணை ஒரு மாதம் கழித்து நடந்தது. எங்கள் அதிகாரி, சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அக்காவின் பழைய முதலாளி, அவருடைய வக்கீல், எதிரே அக்காவும் நாத்தனாரும். குறிப்பெடுக்க நான்.

முதலாளி பேசியது வெறும் வியாபாரப் பேச்சாக இல்லை. “கண்ணு பொம்மை இல்லைங்க. உள்ளே அழுத்தம் கூடும், நரம்பு செத்துட்டு வரும், வெளியில ஒண்ணும் தெரியாது. நாங்க பரிசோதனை பண்ணும்போது அது தெரியும். தெருவுல ஊசி நூலை வெச்சுக் கண்ணாடி வித்தா, அந்த நோயை யாரு கண்டுபிடிக்கறது?” என்றார்.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். “பதில் சொல்லும்மா.”

“அவர் சொல்றது பொய் இல்லைங்க. பதினெட்டு வருஷம் அங்க இருந்திருக்கேன், நானே பாத்திருக்கேன்.” நாத்தனார் பக்கம் கையைக் காட்டினார். “எங்க அண்ணி அவர் கடைக்கு வந்தாங்க. பரிசோதனையும் பண்ணாங்க. விலையைக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. அவங்க கூடத்துல நாப்பது வயசுக்கு மேல முப்பது பேர் இருக்காங்க. மத்த யாரும் வாசப்படியே ஏறலை. விலை தெரியும், அதான். வராதவங்களுக்கு எந்த நோயை இவங்க கண்டுபிடிச்சாங்க?”

வக்கீல் குறுக்கிட்டார்: “அதுக்காக யார் வேணா வைத்தியம் பண்ணலாமா?”

“நான் வைத்தியம் பண்ணலைங்க. ‘இது வைத்தியம் இல்லை, வருஷம் ஒரு தடவை கண்ணைக் காட்டுங்க’ன்னு பெட்டி மேல எழுதணும்னு சட்டம் போடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன். கண்ணாடியில கோணல் இருந்தா அபராதம் போடுங்க. மட்டமான சரக்கு வித்தா ஜெயில்ல போடுங்க. அது சர்க்கார் வேலை. ஆனா நான் விக்கலாமா வேணாமான்னு இவர்கிட்ட கேக்கச் சொல்றீங்களே, அது என்ன வேலைங்க?”

முதலாளி குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அதிகாரி நியாயமானவர், கோழையும் அல்ல. ஆனால் விதியைத் தாண்ட அவருக்கு அதிகாரம் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, பெட்டி பறிமுதல், அபராதம். அந்த வாக்கியத்தை எட்டாவது தடவையாகத் தட்டச்சு செய்தேன். அன்றைக்கு விரல் இரண்டு தடவை தப்பான எழுத்தில் விழுந்தது. கையெழுத்துப் போடும்போது அதிகாரி, “இதை எடுத்துட்டுக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லு அந்த அம்மாவை,” என்றார் என்னிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

போனார். தையல்கூடத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலியைப் போட்டு வக்கீல் வைத்தார்கள். பதினான்கு மாதம் இழுத்தது. அந்தப் பதினான்கு மாதமும் அக்கா சீப்பும் குண்டூசியும் விற்றார். “சீப்புக்கு யாரும் ஆட்சேபம் சொல்லலை. வழுக்கைத் தலைக்காரங்க சங்கம் இன்னும் ஆரம்பிக்கலை போல,” என்பார்.

தீர்ப்பு மூன்று பக்கம்தான். குறிப்பிட்ட பவர் வரைக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடியை யாரும் விற்கலாம். தரம் சரியாக இருக்க வேண்டும். கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லும் எச்சரிக்கையை ஒட்ட வேண்டும். ஆட்சேபம் கேட்கும் விதி செல்லாது. நீதிபதி எழுதிய ஒரு வரியை அறிவிப்புப் பலகைக்காக நானே தட்டச்சு செய்தேன்: ‘மக்களின் கண்ணைக் காப்பது அரசின் கடமை, ஒரு கடையை இன்னொரு கடையிடமிருந்து காப்பது அரசின் கடமை அல்ல.’

அதைப் படித்து நான் உடனே மகிழ்ந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆட்சேபக் கோப்புகள் இல்லையென்றால் எங்கள் பிரிவுக்கு என்ன வேலை? இரண்டு பேரை வேறு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். மூன்றாவது ஆள் நானோ என்று பல நாள் தபால் கட்டைப் பிரித்து மாற்றல் உத்தரவைத் தேடினேன். என்னை மாற்றவில்லை. மனைவிக்கு அந்த வாரமே அக்காவிடம் கண்ணாடி வாங்கினேன். அவள் மாட்டிக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நரைச்சுப் போச்சா உங்களுக்கு?” என்றாள்.

அக்கா ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை பிடித்தார். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். வெல்டர் இரும்புச் சட்டத்தில் அலமாரி செய்து கொடுத்தார். ஒரு வருஷத்துக்குள் நாலு பெரிய கடைகளும் விலையை இறக்கின. பழைய முதலாளி பரிசோதனையை இலவசமாக்கினார். அதற்கு முன்னால் அந்தப் படியேறாதவர்கள் எல்லாம் பரிசோதனைக்கு வர, அவர் வியாபாரம் குறையவில்லை, கூடியது. அவரே ஒருநாள் கடைத்தெருவில் அக்காவை நிறுத்தி, “உன்னால எனக்கு ஆள் எடுக்க வேண்டியதாப் போச்சு,” என்று சலித்துக்கொண்டாராம். சலிப்பா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றார் அக்கா.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கடை வைத்த ஆறாவது வருஷம். கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் அக்காவிடம் முதல் வருஷத்திலிருந்து வாங்குகிறவர். ஒன்றரையில் ஆரம்பித்து, இரண்டு, இரண்டரை என்று கேட்டுக் கேட்டு வாங்கினார். எச்சரிக்கை ஒட்டித்தான் இருந்தது; அவர் படிக்கவில்லை, அக்காவும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் தெருவில் சைக்கிளில் மோதிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் கண்ணுக்குள் அழுத்தம். இடது கண் போய்விட்டது. வலது கண்ணைக் காப்பாற்றினார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ‘அன்னிக்கே சொன்னோம்ல’ என்றார்கள் சங்கத்தார். அக்கா ஒரு வாரம் கடை திறக்கவில்லை. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டு, தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். சமையலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“சட்டப்படி என் மேல ஒண்ணும் இல்லைன்னு வக்கீல் சொல்றாங்க சார். எனக்கு அது தெரியாதா? ஆனா மூணாவது தடவை அவர் கேட்டப்போ என் மனசுல ஒண்ணு பட்டுது. கூட்டமா இருந்துது, குடுத்து அனுப்பிட்டேன்.”

கடிகாரக்காரரைப் பார்க்கத் தனியாகத்தான் போனார். அவர் என்ன சொன்னார் என்று அக்கா வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். “உன்கிட்ட வாங்கலைன்னா ஆறு வருஷம் முன்னாடியே தொழிலை விட்டிருப்பேன். அதுக்காக உன்மேல எனக்கு வருத்தமே இல்லைன்னு சொல்ல மாட்டேன்.” இரண்டும் உண்மை. அக்கா இரண்டையும் ஏற்றுக்கொண்டார்.

கடையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்தார்: ‘இரண்டு வருஷத்துக்குள் இரண்டாவது தடவை பவர் கூட்டிக் கேட்டால், ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாமல் தரமாட்டேன்.’ வாங்குபவர் பேரும் பவரும் எழுத ஒரு நோட்டு. பொது ஆஸ்பத்திரிக் கண் மருத்துவரிடம் பேசி, மாதத்தில் ஒரு காலை தன் வாடிக்கையாளர்களுக்கென்று நேரம் வாங்கினார். வர மறுப்பவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். எந்த விதியும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. அந்த நோட்டு வழியாக அடுத்த மூன்று வருஷத்தில் ஒன்பது பேருக்கு நோய் தெரிந்தது.

அதற்கு அடுத்த சோதனை எதிர்ச் சாரியில் வந்து உட்கார்ந்தது. கிடங்கு வேலை பறிபோன ஒரு நடுத்தர வயதுக்காரர், ஒரு குடையை விரித்து, மடக்கு மேசை போட்டு வெள்ளெழுத்துக் கண்ணாடி விற்க ஆரம்பித்தார். அக்கா விலையில் பாதி. வாடகை இல்லை, பலகை இல்லை, நோட்டு இல்லை. இரண்டு மாதத்தில் அக்காவின் வியாபாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

வெல்டர் கொதித்தார். “கோர்ட்டுக்குப் போனது நீ, பதினாலு மாசம் சீப்பு வித்தது நீ. அவன் பாட்டுக்கு வந்து பலனைத் தின்னுட்டுப் போறானா?”

அந்தச் சமயம் பார்த்துப் பழைய முதலாளி மாடிப்படிக் கடைக்கு வந்தார். வயதாகிவிட்டது, கைத்தடி. அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் வந்த விஷயம் இது: தெரு விற்பனையைத் தடுக்க ஒரு மனு. கடை உள்ளவர்கள் மட்டும், அதுவும் நோட்டு வைப்பவர்கள் மட்டும் விற்கலாம் என்று விதி கேட்கலாம். சங்கம் மொத்தமும் கையெழுத்துப் போடும். ஆனால் முதல் கையெழுத்து அக்காவுடையதாக இருந்தால்தான் எடுபடும்.

“கடிகாரக்காரருக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக்கூடாதுல்ல? நீயே சொல்லு,” என்றார். அந்த வார்த்தை அக்காவைக் குத்தியது. குத்தும் என்று முதலாளிக்கும் தெரியும்.

மறுநாள் அக்கா என் மேசைக்கு வந்தார். மனு எழுதச் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆனால் கேட்கவில்லை. மனு எழுதுகிறவன் கேட்கக்கூடாது. முதல் பத்தி எழுதினேன். இரண்டாவது பத்தியில் ‘மட்டமான சரக்கு’ என்று எழுதப்போனபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது தெரியாம எழுத வேணாம் சார். இருங்க, வர்றேன்.”

எழுந்து போய், குடைக்காரரிடம் மூன்று பவரில் மூன்று கண்ணாடி வாங்கினார். கடைக்குள் கொண்டுபோய் பவர் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தார். நானும் பின்னால் போய் நின்றேன். கோணல் இருக்க வேண்டும் என்று அவர் மனசு ஆசைப்பட்டது முகத்தில் தெரிந்தது. ஒரு லென்ஸைத் திருப்பித் திருப்பி நாலு தடவை அளந்தார். கடைசியில் கருவியின் விளக்கை அணைத்தார்.

“சரக்கு நல்லாத்தான் இருக்கு. எங்கேயோ என்னைவிட அடிமாட்டு விலைக்கு வாங்கறார். எங்கேன்னு கேக்கணும்.”

“அப்ப மனு?”

மேசைமேல் கிடந்த மூன்று கண்ணாடிகளையும் மடக்கி அடுக்கினார். “மனு பாஸ் ஆச்சுன்னா எனக்கு நல்லதுதான் சார். மறைக்கலை. வீட்டுக்காரர் சொல்ற மாதிரி நான் பட்ட பாடு கொஞ்சமா? ஆனா அவர்கிட்ட வாங்கறவங்க யாருன்னு இந்த ரெண்டு மாசமாப் பாத்துட்டிருக்கேன். என் விலையைக் கேட்டுட்டுத் திரும்பிப் போனவங்கதான் பாதிப் பேர். அவங்க கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கறதுக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்?”

எழுதின வரைக்கும் கூலியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். “வேலை வாங்கினேன், காசு குடுக்கறேன். அதுல என்ன பெருந்தன்மை?” என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வெல்டர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பழைய முதலாளி, “உனக்குப் பைத்தியம்,” என்றார். சங்கம் தனியாக மனுப் போட்டது. அக்கா பேர் இல்லாததால் அது எங்கோ ஒரு மேசையில் படுத்துக்கொண்டது. அக்கா அந்த நோட்டையும் பலகையையும் எடுத்துக்கொண்டு குடைக்காரரிடம் போனார். சண்டைக்கு வருகிறார் என்று அவர் மேசையை மடக்க ஆரம்பித்துவிட்டாராம். “உக்காருங்க, கடிக்க மாட்டேன்,” என்று சொல்லி, கடிகாரக்காரருக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மறுமாதம் குடைக்காரரும் ஒரு நோட்டு வைத்தார். முதலில் ஒழுங்காக எழுதவில்லை. அக்கா போய்த் திட்டிய பிறகு எழுதினார்.

போன வியாபாரம் திரும்பி வரவில்லை. இதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் கஷ்டமாகத்தான் போயிற்று. வாடகை கட்ட நாத்தனார் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தார். பிறகு அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு கண்ணிலும் வேறு வேறு பவர் உள்ளவர்களுக்கு ரெடிமேட் கண்ணாடி உதவாது. பெரிய கடைகள் அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கின்றன. பழைய முதலாளி கடையில் புது இயந்திரம் வந்ததால் ஓரமாக ஒதுக்கிய சாணைச் சக்கரத்தை விலை பேசி வாங்கி, மாடிப்படிக்குக் கீழே பொருத்தினார். காலையில் சீட்டைக் கொடுத்தால் சாயங்காலம் கண்ணாடி. தன் கையால் ஆகாத ஆட்களைக் குடைக்காரர் அங்கே அனுப்புகிறார். விலைக்குத் தயங்குபவர்களை அக்கா எதிர்ச் சாரிக்குக் கை காட்டுகிறார்.

கடிகாரக்காரர் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை இன்னும் போகிறார். பேசிக்கொள்ள அதிகம் எதுவும் இருப்பதில்லையாம். வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து தீரவில்லையே என்று பார்த்துவிட்டு வருவார்.

போன வாரம் என் கண்ணாடி மேலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். நெளிந்த சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றபோது, கடையில் ஒரு லாரி ஓட்டுநர், ஒரு பள்ளி ஆசிரியை. அக்கா சக்கரத்திலிருந்து தலையைத் தூக்காமலே என் சட்டத்தைப் பார்த்துவிட்டார்.

“அதை அங்க வெச்சுட்டு உக்காருங்க சார். இவருக்கு மூக்குல அழுத்துதாம், அதை முடிச்சுட்டு வர்றேன்,” என்றார். உட்கார இடமில்லை. தெருவில் நின்றேன்.